இன்னொரு வயர் வேண்டாம்

பெங்களூரு மர்பி டவுனில் ஆஞ்சலாவின் வீட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது, எதையும் எடுத்த இடத்திலேயே வைப்பது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தால் எழும்போது அதே இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். செருப்பை வாசலுக்கு இடதுபக்கம் விட வேண்டும். வலதுபக்கம் விட்டவர் பங்குச் சாமியாராகவே இருந்தாலும், ஆஞ்சலா குனிந்து எடுத்து இடதுபக்கம் வைத்துவிட்டுத்தான் "உட்காருங்க ஃபாதர்" என்பாள். புதிதாக வந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும். டென்சில் உள்ளறையிலிருந்து சுவரைக்கூடத் தொடாமல் நேராக நடந்து வந்து, கை நீட்டித் தண்ணீர்ச் சொம்பை எடுப்பதைப் பார்த்த பிறகு, தங்கள் நாற்காலி எங்கே இருக்கிறது என்று அவர்களே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

டென்சில் அவள் தம்பி. ஏழு வயதில் அவனுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. ஆஞ்சலா அதற்கு வெகு முன்பே, அம்மா காலமானபோது, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாள். அப்பா ஒரு கிளப்பில் சமையல்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குகிற மனிதர். தம்பியைக் குளிப்பாட்டிச் சோறூட்டியதும், பார்வையற்றோர் பள்ளி விடுதியில் கொண்டுபோய் விட்டதும், விடுமுறைக்கு அழைத்து வந்ததும், அவன் பி.ஏ. வாங்கிய அன்று தெரு முழுக்க கேக் கொடுத்ததும் அவள்தான்.

அவளுக்கு வேலை ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் லினன் ரூமில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாம் வெளுத்து வந்து அடுக்கப்படுகிற அறை அது. வெளுக்கப் போகும்போது எல்லா வார்டுத் துணியும் ஒரே மூட்டையாகத்தான் போகும். திரும்பி வந்ததும் எது யாருடையது என்று தெரிய வேண்டும். மையால் எழுதினால் கொதிநீரில் போய்விடும் என்று, நூலால் அடையாளம் போடுகிற வழக்கத்தை ஆஞ்சலா கொண்டுவந்தாள். பிரசவ வார்டு விரிப்பின் மூலையில் ஒரு முடிச்சு, குழந்தைகள் வார்டுக்கு இரண்டு, ஆபரேஷன் அறைக்குப் பெருக்கல் குறி. அதே வழக்கம் வீட்டுக்கும் வந்தது. டென்சிலின் சட்டைக் காலருக்கு உள்ளே தடவிப் பார்த்தால் முடிச்சு இருக்கும். ஒன்று என்றால் வெள்ளை, இரண்டு என்றால் நீலம், மூன்று என்றால் கல்யாணம் காதுகுத்துக்குப் போடுகிற பட்டுச் சட்டை. எந்தச் சட்டைக்கு எந்த பேன்ட் என்று அவன் யாரையும் கேட்டதில்லை.

ஆஞ்சலாவுக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை "பாவம்". பஸ்ஸில், கோயிலில், மளிகைக் கடையில் யாராவது டென்சிலைப் பார்த்து அந்த வார்த்தையை உச்சரித்துவிட்டால், "என்ன பாவம்? யார் செஞ்ச பாவம்? நீங்க பி.ஏ. படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவாள். அதைவிடவும் அவளுக்கு எரிச்சல் தருவது, அவனை விட்டுவிட்டு அவளிடம் பேசுகிறவர்கள். "இவர் எங்க இறங்கணும்?" என்று கண்டக்டர் அவளைக் கேட்டால், "அவன் வாயிலயா கொழுக்கட்டை? அவனையே கேளுங்க" என்பாள். பிறகு அவன் வாயைத் திறப்பதற்குள் "ஹலசூரு ரெண்டு" என்று அவளே சொல்லி முடித்திருப்பாள்.

இப்படிப்பட்ட ஆஞ்சலாவின் வீட்டுக்கு ஒரு நல்ல சேதி வந்தது. வைட்ஃபீல்டில் உள்ள ஒரு கம்பெனி, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்கிற குறிப்புகளைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க ஆள் தேடியது. வீட்டிலிருந்தே வேலை. டென்சில் மனு போட்டான். அதில் போன் நம்பர் கேட்ட இடத்தில் ஆஞ்சலாதான், "என் நம்பரைப் போடு. நீ ஹெட்செட் மாட்டிட்டு இருந்தா உனக்கு எங்க கேக்கப் போகுது?" என்று தன்னுடையதைப் போடவைத்தாள். கம்பெனி அவனை ஒரு பரீட்சைக்குக் கூப்பிட்டது. நேரடியாக இன்டர்நெட்டில், குறித்த நேரத்தில், ஒரு டாக்டரின் குறிப்பை முழுசாக அடித்து அனுப்ப வேண்டும்.

அதற்கு நான்கு சாமான்கள் வேண்டும். கீபோர்டு ஒன்று. டாக்டர் பேசுவதைக் கேட்க ஹெட்செட். பேச்சை நிறுத்தவும் ஓட்டவும் தையல் மெஷின் மிதி மாதிரி காலால் அழுத்துகிற பெடல். நான்காவது, பிரெயில் டிஸ்ப்ளே. அது ஸ்கேல் நீளத்துக்கு ஒரு பட்டை. கம்ப்யூட்டரில் இருக்கிற வரி அதில் புள்ளி புள்ளியாக எழும்பும். காதில் டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் வேறு வாசித்துக் காட்டினால் ஒன்றும் விளங்காது என்பதால், அடித்ததை டென்சில் விரலால் படித்துச் சரிபார்ப்பான். அந்தப் பட்டையை ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்திருந்தது. கம்ப்யூட்டர், மூடிப்போன ஆபீஸ் ஒன்றிலிருந்து வாங்கிய பழையது. அதில் வயர் செருகுகிற ஓட்டைகளில் இரண்டுதான் உயிரோடு இருந்தன. நான்கு சாமான், இரண்டு ஓட்டை. ஓர் ஓட்டையைப் பல ஓட்டையாக ஆக்கித் தருகிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதற்கு யு.எஸ்.பி. ஹப் என்று பெயர், அதை வாங்க வேண்டும் என்றான் டென்சில்.

இருவரும் ஹலசூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான்கள் குவிந்து கிடக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனார்கள். ஒரு சின்னக் கடை. கல்லாவில் இருந்தவர் பெயர் மஞ்சுநாத் என்று பில்லில் பிறகு தெரிந்தது. அவர் டென்சிலின் வெள்ளைக் கோலைப் பார்த்தார், பிறகு ஆஞ்சலாவைப் பார்த்தார்.

"ஏனு பேக்கு மேடம்? சாருக்கு என்ன வேணும்?"

"சாரையே கேளுங்க. காது நல்லாவே கேக்கும்."

மஞ்சுநாத் குரலை உயர்த்தினார். "சார், என்ன வேணும் சார்?"

"நல்லா கேக்கும்னு சொன்னேன். எதுக்குக் கத்துறீங்க?"

டென்சில் சிரித்துக்கொண்டே, "ஒரு யு.எஸ்.பி. ஹப் பாஸ். நாலு ஐட்டம்..." என்று ஆரம்பித்தான்.

"நாலு ஐட்டம் மாட்டணும்," என்று ஆஞ்சலா முடித்தாள். "நல்லதா காட்டுங்க. ஆபீஸ் வேலைக்கு. இவன் டாக்டர்ங்க சொல்றதை எல்லாம் டைப் பண்ணப் போறான்."

மஞ்சுநாத் முதலில் எடுத்து வைத்தது கறுப்பாக, கட்டையாக, ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு ஸ்விட்ச்சோடு இருந்தது. அதோடு ஒரு அடாப்டரும் நீளமாக ஒரு வயரும். "இது பவர் ஹப் மேடம். இதுக்குத் தனியா கரென்ட். லோடு எவ்வளவு போட்டாலும் தாங்கும்."

ஆஞ்சலா அந்த வயரைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டிப் பார்த்தாள். "இது எங்க போகும்?"

"சுவர் பிளக்குக்கு."

"தரை மேலயா?"

"தரை மேலதான் மேடம். ஆகாசத்துல போகுமா?"

"இன்னொரு வயர் வேண்டாம்," என்றாள் ஆஞ்சலா.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் டென்சிலின் தாடையில் தழும்பாக இருந்தது. ஒரு கோடை காலத்தில் சொந்தக்காரர் ஒருவர் புழுக்கத்துக்கு டேபிள் ஃபேனை இழுத்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். டென்சில் அந்த வயரில் கால் மாட்டி அலமாரி முனையில் விழுந்தான். ஆஞ்சலா வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே தையல் போட்டார்கள். அவள் முடிச்சுப் போட்ட விரிப்பு ஒன்றில்தான் அவன் ரத்தத்தோடு படுத்திருந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டுத் தரையில் ஒரு வயர் கிடையாது. எல்லாம் சுவரோடு ஆணி அடித்துப் போகும்.

"அக்கா, அடாப்டரோட இருக்கிறதுதான் நல்லதுன்னு நெட்ல ஒரு ஃபோரம்ல சொல்றாங்க..."

"சொல்றவன் வீட்டுல வயர்ல மாட்டி விழறது யாரு? சும்மா இரு." அவள் மஞ்சுநாத் பக்கம் திரும்பினாள். "வேற காட்டுங்க."

வேறொன்று வந்தது. மெலிசாக, வெள்ளி நிறத்தில், கண்ணாடி மாதிரி வழவழவென்று. தனி அடாப்டர் கிடையாது, கம்ப்யூட்டரில் செருகுகிற குட்டி வயர் மட்டும். "தொட்டா போதும், ப்ளூ லைட் எரியும். பார்க்க சூப்பரா இருக்கும்."

"பார்க்கவா?" என்று ஆஞ்சலா முறைத்தாள். மஞ்சுநாத் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெட்டி அவளுக்குப் பிடித்துவிட்டது. தம்பியின் மேஜையில் இருக்கத் தகுந்த லட்சணம் அதற்கு இருந்தது. கால் மாட்ட வயரும் இல்லை. டென்சில் அதை வாங்கி, மேலும் கீழும் விரலை ஓட்டினான். எங்கே ஸ்விட்ச், எங்கே ஒன்றுமில்லை என்று தடவிக் கண்டுபிடிக்க முடியாத ஒரே வழவழப்பு. ஏதோ சொல்ல வந்தவன், அக்கா அதற்குள் பையைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வீட்டில் ஆஞ்சலா நான்கு வயருக்கும் நுனியில் சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டாள். கீபோர்டுக்கு ஒன்று, ஹெட்செட்டுக்கு இரண்டு, பெடலுக்கு மூன்று, பட்டைக்குப் பெருக்கல் குறி. ஆபரேஷன் அறைக்குரிய குறியை அதற்குத் தந்ததில் ஒரு மரியாதை இருந்தது.

பரீட்சை நாளன்று அவள் மதிய ஷிஃப்ட். வேலைக்குப் போகுமுன் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். டென்சிலின் விரல்கள் கீபோர்டில் மழைத்தூறல் மாதிரி விழுந்துகொண்டிருந்தன. திடீரென்று கம்ப்யூட்டர் 'டு-டும்' என்றது. பட்டையில் எழுந்து நின்ற புள்ளிகள் எல்லாம் ஒரே சமயத்தில் படுத்துக்கொண்டன. காதில் டாக்டர் பாதி வாக்கியத்தில் ஊமையானார். டென்சில் வயர்களைத் தடவி, பிடுங்கி, மறுபடி செருகினான். புள்ளிகள் எழுந்தன, டாக்டர் பேசினார், டென்சில் அடித்தான், மறுபடி 'டு-டும்'. பரீட்சை முடிகிறவரை இதே கதை. கடைசியில் அவன் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தபோது அவன் காது மடல் சிவந்திருந்தது. மருந்தின் அளவு சொன்ன இடமே அறுந்துவிட்டதாகவும், கேட்காததைத் தான் அடிக்கவில்லை, வெற்றிடமாக விட்டுவிட்டதாகவும் சொன்னான்.

மறுநாள் ஆஞ்சலாவின் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து ஷில்பா என்கிற பெண். வேலைக்கு ஆள் எடுப்பது அவர்தான். ஆஞ்சலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆஞ்சலா மேடமா? உங்க பிரதர் டெஸ்ட் பத்திப் பேசணும். அடிச்ச வரைக்கும் சூப்பர், ஒரு ஸ்பெல்லிங் தப்பு இல்ல. ஆனா நடு நடுவுல கேப் விழுந்திருக்கு."

"ஆமாங்க, அது மெஷின்..."

"எங்களுக்குப் புரியுது மேடம். அவரோட கண்டிஷனுக்கு இவ்வளவு பண்ணினதே பெரிய விஷயம். ப்ரஷர்ல வேலை செய்றது அவருக்குக் கஷ்டமா இருக்கலாம். பாவம், அவரை ஸ்ட்ரெஸ் பண்ண எங்களுக்கு மனசு வரல. நீங்க வேணும்னா மண்டே இன்னொரு சான்ஸ் தர்றேன். அதுலயும் இப்படின்னா வேற ஏதாவது அவருக்கு ஏத்த வேலை பார்க்கலாம்."

'பாவம்' என்ற வார்த்தை ஸ்பீக்கரில் விழுந்ததும் டென்சில் அக்காவின் கை இருக்கிற பக்கம் தன் கையை நீட்டினான், அவள் ஏதாவது சொல்லிவிடுவதற்கு முன் போனைப் பிடுங்குவதற்காக. அவள் அதிசயமாக ஒன்றும் சொல்லாமல் "சரிங்க, மண்டே" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு வெடித்தாள்.

"ஏன்டா, வயர் பண்ற தப்புக்குக் கண்ணு மேல பழியா? கண்ணு தெரிஞ்சவனுக்குச் சத்தம் நின்னா மெஷின் கோளாறு. உனக்கு நின்னா கண்டிஷனா? என் லினன் ரூம்ல கரென்ட் போனா எனக்குக் கண்டிஷன்னு யாராவது சொன்னாங்களா? ஸ்ட்ரெஸ் பண்ண மனசு வரலயாம். மனசு வர்றவங்களா பார்த்து வேலைக்கு வச்சுக்கச் சொல்லு. அந்தக் கடைக்காரன் இருக்கானே, அவனைச் சொல்லணும். ஓட்டை ஹப்பை ப்ளூ லைட்டு காட்டி வித்துட்டான்."

"ஹப் ஓட்டை இல்லக்கா," என்றான் டென்சில். "நம்ம தெருவுல தண்ணி வர்ற அன்னைக்கு என்ன ஆகும்? கீழ் வீட்டுல மோட்டார் போட்டா நம்ம குழாய்ல தண்ணி நிக்குதில்ல? அதேதான். இந்த ஹப்புக்குச் சொந்தமா கரென்ட் கிடையாது. கம்ப்யூட்டர் தர்ற சொட்டுத் தண்ணியை நாலு பேருக்கும் பங்கு போடுது. பட்டை சார்ஜ் ஏத்த ஆரம்பிச்சா மோட்டார் போட்ட மாதிரி. எல்லாருக்கும் நின்னுடும்."

"அப்போ இதை அவன் சொல்லியிருக்கணுமா இல்லையா?"

டென்சில் நான்கு வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தான்.

சனிக்கிழமை ஆஞ்சலா ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள். சண்டைக்குப் போகிறபோது கசங்கிய புடவை கட்டினால் பேச்சு எடுபடாது என்பது அவள் எண்ணம். மெட்ரோவில் ஒருவர் எழுந்து, "இவரை இங்க உக்கார வைங்கம்மா" என்று அவளிடம் சொன்னார். "உக்கார வைக்க இவன் என்ன பொம்மையா?" என்றாள். அவர் மறுபடி உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் தவித்தார். டென்சில் "தேங்க்ஸ் சார், நிக்கிறேன்" என்று அவரைக் காப்பாற்றினான்.

கடையில் கூட்டம். ஆஞ்சலா பில்லையும் ஹப்பையும் கல்லா மேல் வைத்தாள்.

"இது என்னன்னு பாருங்க. என் தம்பி வேலையே போகப் பார்த்துச்சு. நாலு சாமான் மாட்டணும்னு சொல்லித்தானே வாங்கினேன்? மாட்டினா புட்டுக்குது. கண்ணு தெரியாதவன்தானே, எதை வேணும்னாலும் தலையில கட்டலாம்னு நெனச்சீங்களா?"

மஞ்சுநாத் ஹப்பைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "மேடம், சாரு எதையாவது மாத்திச் செருகியிருப்பார். தெரியாம இழுத்திருப்பார். பாவம், அவரைக் குத்தம் சொல்லல..."

"இழுத்தானா? எங்க வீட்டுல வந்து பாருங்க. ஒவ்வொரு வயருக்கும் முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். கண்ணு தெரிஞ்ச உங்க கடையில ஒரு வயராவது நேரா இருக்கா?"

கடையில் நின்றவர்கள் மேலே பார்த்தார்கள். அங்கே வயர்கள் காக்கா கூடு கட்டியமாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. யாரோ சிரித்தார்கள். மஞ்சுநாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் உள்ளே கையை விட்டு அந்தக் கறுப்பு ஹப்பை எடுத்து, அடாப்டரோடு சேர்த்துக் கல்லா மேல் 'தட்' என்று வைத்தார்.

"ஃபர்ஸ்ட் இதைத்தானே மேடம் காமிச்சேன்? லோடு தாங்கும்னு சொன்னேனா இல்லையா? இன்னொரு வயர் வேண்டாம்னு சொன்னது யாரு, நானா? சார்கூட ஏதோ சொல்ல வந்தார். நீங்கதான் சும்மா இருன்னீங்க."

ஆஞ்சலா அந்தக் கறுப்பு ஹப்பை ஒரு பக்கம் தள்ளினாள். "அதுக்காக? இதை வாங்கினா நாலு சாமானும் நின்னுடும்னு அடிச்சுச் சொல்லியிருக்கணும் நீங்க. வாங்குறவங்க வேண்டாம்னா விட்டுடுறதா? எங்க ஆஸ்பத்திரியில நோயாளி ஊசி வேண்டாம்னா டாக்டர் விட்டுடுவாரா? இவனுக்குத் தரையில வயர் கிடந்தா ஆபத்து. இவனுக்கு என்ன வேணும்னா..."

"அக்கா," என்றான் டென்சில்.

"இரு, பேசிட்டிருக்கேன்ல. இவனுக்கு என்ன வேணும்னா..."

"அக்கா. நான் இங்கதான் நிக்கிறேன்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கண்டக்டரிடமும், மெட்ரோக்காரரிடமும், இதே கடைக்காரரிடமும் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சங்கதியைத்தான் சொன்னான். ஆனால் முதல் தடவையாக அது அவளைப் பார்த்து வந்தது. ஆஞ்சலா திரும்பி, கூட்டத்தில் யாராவது அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று கண்ணால் துழாவினாள். சிரித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். சண்டை போட ஆள் கிடைத்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அவள் கல்லாவை விட்டு ஓர் அடி பின்னால் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

டென்சில் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "பாஸ், அந்தக் கறுப்பு ஹப்பைக் கையில தாங்க."

விரலை ஓட்டினான். ஒவ்வொரு ஸ்விட்ச்சும் மேடாக இருந்தது. அழுத்தினால் 'டிக்' என்று உள்ளே போய் நின்றது, மறுபடி அழுத்தினால் மேலே வந்தது. எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தொட்டாலே தெரியும். "இந்த அடாப்டர் எவ்வளவு ஆம்ப்ஸ்?" என்று கேட்டான். மஞ்சுநாத் படித்துச் சொன்னார், இந்தத் தடவை கத்தாமல், அவனுக்கு நேராக. "பில்லு போடுறதுக்கு முன்னாடி மாட்டிப் பார்க்கலாமா? என் பட்டையைக் கொண்டு வந்திருக்கேன். ஹெட்செட்டும் பெடலும்கூட."

"தாராளமா சார்."

தோள்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நூல் முடிச்சைத் தடவி, கடையின் கம்ப்யூட்டரில் மாட்டிய அந்தக் கறுப்பு ஹப்பில் செருகினான். நான்காவதாக, கடைக் கீபோர்டையும் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான். பட்டை சார்ஜ் ஏறத் தொடங்கியது. புள்ளிகள் எழுந்து நின்றன, நின்றபடியே இருந்தன. மஞ்சுநாத் கல்லா வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "சார், அது என்ன சார், தானா எழும்புது?" டென்சில் அவர் விரலைப் பிடித்துப் புள்ளிகள் மேல் வைத்தான். "உங்க கடைப் பேரு பாஸ். இப்போதான் டைப் பண்ணேன்." மஞ்சுநாத் பழைய ஹப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். சம்மதிக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் நின்ற அக்காவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார் என்பதும் உண்மை.

ஆஞ்சலா வீட்டுக்கு வந்து, புடவை மாற்றி, ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மேஜை அருகே வந்து நின்றாள். அடாப்டர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

"இது எப்படிப் போகணும்?" என்றாள், வேண்டாவெறுப்பாக.

"தரைக்கு எதுக்குக்கா வரணும்? மேஜைக்கு மேல, காலண்டர் பக்கத்துல ஒரு பிளக் இருக்கில்ல? அதுல இருந்து சுவரோட நேரா கீழே இறக்கி, மேஜைக்குப் பின்னாடி விட்டுடு. தரையைத் தொடவே தொடாது."

ஆஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள். காலண்டருக்குப் பக்கத்தில் பிளக் இருந்தது. வருஷக்கணக்காக அங்கேயே இருந்தது. கொசு மருந்து மெஷினைத் தவிர வேறு எதற்கும் அவள் அதைப் பயன்படுத்தியதில்லை. "இதை அன்னைக்கே கடையில சொல்றதுக்கு என்ன?" என்று சீறினாள். கேட்ட மறுநிமிஷம் அவளே ஆணியை வாயில் கவ்விக்கொண்டாள். அடாப்டர் வயருக்கு என்ன முடிச்சுப் போடுவது என்று அவள் கேட்டதற்கு, "அது ஒண்ணுதான் மேல இருந்து வருது. தொட்டாலே தெரியும். முடிச்சு வேண்டாம்" என்றான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சின்ன முடிச்சுப் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை பரீட்சை தொடங்கப்போகிற நேரத்தில் அவள் போன் அடித்தது. ஷில்பாதான்.

"மேடம், நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? போன தடவை மாதிரி ஆகக்கூடாதுன்னு கேக்குறேன். அவரோட செட் எல்லாம் கரெக்டா கனெக்ட் ஆயிருக்கா? நீங்க ஒரு தடவை பார்த்துக் கன்ஃபர்ம் பண்ணுங்களேன்."

ஆஞ்சலா பார்த்தாள். கறுப்பு ஹப், நான்கு சிவப்பு நூல், உள்ளே போய் நின்ற ஸ்விட்ச்சுகள். எல்லாம் சரியாக இருந்தது. சொல்வதற்கு வாய் வரை வந்துவிட்டது. சரியாக இருக்கிறது என்றும், எந்தக் குறையும் இல்லை என்றும், தம்பி பி.ஏ. என்றும், பாவம் என்று சொல்லக்கூடாது என்றும், இன்னும் என்னென்னவோ.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "மாட்டினவனைக் கேளுங்க."

போனை டென்சில் கையில் வைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். அங்கே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் காதைத் தீட்டிக்கொண்டாள். டென்சில் ஏதோ ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். அவன் சிரித்தான். பிறகு தூறல் விழுகிற சத்தம். 'டு-டும்' வருமோ என்று கையில் கரண்டியோடு அவள் காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. தூறல் விட்டுவிட்டு விழுந்தது, நின்றது, விழுந்தது. நிற்கும்போதெல்லாம் அவன் விரலால் படிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சும் கூடவே நின்றது.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. கம்ப்யூட்டர் தன் தகரக் குரலில் வாசித்தது. டென்சில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். அவனை வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அவன் வேலை மிகச் சுத்தமாக இருக்கிறது. அவனுடைய குறைபாட்டையும் மீறி இவ்வளவு சாதித்திருப்பது எல்லோருக்கும் உத்வேகம் தருகிறது.

"என்னது? மறுபடி படி."

"வேலைக்கு எடுத்துக்கிட்டாங்கக்கா."

"அது கேட்டுச்சு. கடைசி வரி. குறைபாட்டையும் மீறியா? எதை மீறி? நீ மீறினது அந்த ப்ளூ லைட்டு ஹப்பை. அதைப் போடச் சொல்லு. இல்ல, நான் சொல்றேன், நீ அடி. 'மதிப்புக்குரிய ஷில்பா மேடம் அவர்களுக்கு...'"

டென்சிலின் விரல்கள் ஓடின. அவள் "அவர்களுக்கு"க்குப் பிறகு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் நின்றுவிட்டது. பட்டையில் ஒரு தடவை விரலை ஓட்டிவிட்டு ஒரு கீயை அழுத்தினான்.

"அனுப்பிட்டியா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. என்ன எழுதினே?"

"நன்றி. போன வாரம் கோளாறு எனக்கு இல்லை, ஹப்புக்கு. அதை மாத்தியாச்சு. எப்போ சேரணும்? இனிமே பேசணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு என் நம்பரைப் போட்டேன்."

ஆஞ்சலா இடுப்பில் கை வைத்தாள். "என் நம்பருக்கு என்னடா குறை?"

"ஒரு குறையும் இல்ல. அது உன் நம்பர். அவ்வளவுதான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல."

அந்த வாரம் முழுக்க ஆஞ்சலா பலர் மேல் கோபப்பட்டிருந்தாள். கடைக்காரர் மேல், ஷில்பா மேல், மெட்ரோவில் எழுந்து நின்றவர் மேல், ஒரு பாவமும் அறியாத காலண்டர் பிளக் மேல்கூட. அவற்றில் பல இன்னும் ஆறவில்லை. ஷில்பாவின் அந்தக் கடைசி வரியை எடுத்து லினன் ரூமில் அன்று மதியமே எல்லோரிடமும் சொல்லித் திட்டினாள். ஆனால் தன்னைக் கேட்காமல் தம்பி மெயில் அனுப்பிய கோபம், காலருக்குள் இரண்டு முடிச்சுப் போட்ட நீலச் சட்டையை அவன் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, "கேக் வாங்கிட்டு வர்றேன்க்கா, தெருவுக்குக் கொடுக்கணும்ல" என்று கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இடதுபக்கம் செருப்புக்குக் குனிந்தபோதே போய்விட்டது.